பழைய ஃபெண்டரில் ஓட்டை போடும் முன்

கேள்வி: வணக்கம் சார். நான் திருச்சியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன், மற்ற நாட்களில் நண்பர்களோடு ஒரு பேண்ட். அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா, தன்னுடைய 1974-ம் வருடத்து ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்பை எனக்கே கொடுத்துவிட்டார். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறேன். வால்யூம் 3-ல் கிளீன் சவுண்ட் அருமை. 7-க்கு மேல் போனால் ஒலி உடைந்து வரும் க்ரஞ்ச் அதைவிட அருமை. ஆனால் அந்த க்ரஞ்ச்சோடு, எதிரொலி தரும் டிலே பெடலைப் போட்டால் எல்லாம் கூழாகிவிடுகிறது. ‘ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் இல்லை, அதனால்தான்’ என்கிறார் இங்குள்ள டெக்னீஷியன். பின்பக்கத் தகட்டில் இரண்டு ஓட்டை போட்டு லூப் வைத்துத்தர 6,000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: தம்பி, ட்ரில் மெஷினைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். டிலே கூழாவதற்கு லூப் இல்லாததுதான் காரணம் என்பது பல ஆம்ப்களுக்குப் பொருந்தும். உங்களுடையதற்குப் பொருந்தாது. 6,000 ரூபாய் கொடுத்து லூப் வைத்த பிறகும், வால்யூம் 7-ல் இதே கூழ்தான் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கரைக் கேட்டிருப்பீர்கள். ஆம்ப்ளிஃபையரை முழுதாகத் திருப்பிவைத்து பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலேயே ஒருவர் மைக்கில் அறிவிப்பு செய்வார். பாட்டும் புரியாது, அறிவிப்பும் புரியாது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே தெளிவாக இருக்கும். உடைந்துகொண்டிருக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையருக்குள் சேர்ந்து போகும்போதுதான் ஒன்றை ஒன்று மென்று துப்புகின்றன. உங்கள் டிலேக்கு நடப்பதும் இதுதான். நீங்கள் இப்போது வாசிக்கும் ஸ்வரமும், அரை விநாடிக்கு முன் வாசித்ததன் எதிரொலியும் டிஸ்டார்ட் ஆகும் ஒரே இடத்துக்குள் ஒன்றாக நுழைகின்றன. இரண்டும் கலந்து, இரண்டிலும் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. இன்னொன்றும் நடக்கிறது. டிஸ்டார்ஷன் என்றாலே பெரிய சிக்னலை அமுக்குவதுதான். பெடலில் எதிரொலியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து வைத்திருப்பீர்கள். பெரியது அமுங்கிப்போவதால், வெளியே வரும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும்.

ஆக, டிஸ்டார்ஷன் பிறக்கும் இடத்தைத் தாண்டித்தான் டிலே வர வேண்டும். லூப் என்பது, சிக்னலை ஆம்ப்பின் நடுவிலிருந்து வெளியே எடுத்து, பெடல் வழியாக ஓட்டி, திரும்ப உள்ளே விடும் இரண்டு ஜாக். அதன் வேலையே அதுதான். உங்கள் ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் எங்கே பிறக்கிறது என்பதைப் பார்த்தால் மீதி தானாகப் புரிந்துவிடும்.

டீலக்ஸ் ரிவெர்ப்பின் சர்க்யூட் ஏபி763 என்ற வரைபடத்தின் வழி வந்தது. கிட்டார் சிக்னல் முதல் வால்வில் பெரிதாகி, ட்ரெபிள், பேஸ், வால்யூம் தாண்டி, இன்னொரு முறை பெரிதாகிறது. அங்கிருந்து ஒரு கிளை 12ஏடி7 வால்வு வழியாக ஸ்பிரிங் ரிவெர்ப் தொட்டிக்குப் போகிறது. நேர் சிக்னல் 3.3 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியே போய், திரும்பி வரும் ரிவெர்ப்போடு கலக்கிறது. அப்புறம் ஒலியை ஏற்றி இறக்கும் வைப்ரேட்டோவின் இன்டென்சிட்டி கண்ட்ரோல், அடுத்து சிக்னலை இரண்டாகப் பிரித்துப் பவர் வால்வுகளுக்குக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர், கடைசியில் இரண்டு 6வி6 பவர் வால்வுகள். லூப் வைப்பதென்றால் எல்லோரும் வைக்கும் இடம் ஃபேஸ் இன்வெர்ட்டருக்குச் சற்று முன்னால்.

இந்த மாடலில், பவர் வால்வுகளுக்குப் போகும் அளவைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் கிடையாது. நீங்கள் 7-ல் ரசிக்கும் அந்த க்ரஞ்ச்சின் பெரும்பகுதி ஃபேஸ் இன்வெர்ட்டரிலும் 6வி6-களிலும்தான் பிறக்கிறது. அதாவது லூப் வைக்கும் இடத்துக்குப் பிறகு. டிலேயை ஆம்ப்பின் முன்னால் மாட்டினாலும் சரி, லூப்பில் மாட்டினாலும் சரி, உடையும் இடத்துக்கு முன்புதான் இருக்கிறது.

லூப் எந்த ஆம்ப்பில் பலன் தரும்? உதாரணத்துக்கு மார்ஷலின் 2203, 2204 போன்ற மாஸ்டர் வால்யூம் மாடல்கள். 1970களின் நடுவில் வந்தவை. அவற்றில் முன் பகுதி வால்வுகளே ஒன்றையொன்று உடைத்து டிஸ்டார்ஷனை உண்டாக்கும், மாஸ்டரைக் குறைத்துவைத்தால் பவர் வால்வுகள் சும்மா பெரிதாக்கும் வேலையை மட்டும் பார்க்கும். அந்த இரண்டுக்கும் நடுவே, மாஸ்டருக்கு முன்னால், லூப் வைத்தால் டிலே கண்ணாடி மாதிரி கேட்கும். இப்படிப்பட்ட ஆம்ப்கள் பெருகிய பிறகுதான் எஃபெக்ட்ஸ் லூப் என்பதே வழக்கமானது. உங்கள் ஃபெண்டரின் சர்க்யூட்டை வடிவமைத்த 1963-ல் அதற்குத் தேவையே இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? காசு செலவில்லாத இரண்டு வழிகளை முதலில் முயன்று பாருங்கள்.

ஒன்று, ஆம்ப்பை 3-லேயே விட்டுவிட்டு, க்ரஞ்ச்சை ஒரு ஓவர்டிரைவ் பெடலில் எடுங்கள். கிட்டார், ஓவர்டிரைவ், டிலே, ஆம்ப் என்ற வரிசை. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் செய்ததும் அடிப்படையில் இதுதான்: கிளீனாக நிற்கும் ஹைவாட் ஆம்ப், அதற்கு முன்னால் ஃபஸ் பெடல், இரண்டுக்கும் நடுவே பின்சன் எக்கோரெக். லூப் எதுவும் இல்லை. 6வி6 உடையும் ஒலியை எந்தப் பெடலும் அப்படியே தராது என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்ச்சில் எப்படியும் 7-ல் வாசிக்க விடமாட்டார்கள்.

இரண்டாவது வழி பேண்டுக்கு. ஆம்ப்பை 7-லேயே வையுங்கள், டிலே பெடலைக் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வைத்து மிக்ஸருக்குக் கொண்டுபோங்கள். டிலேயை மிக்ஸரில் போடச் சொல்லுங்கள். சின்ன மிக்ஸர்களில்கூட இன்று எஃபெக்ட்ஸ் உள்ளேயே இருக்கிறது. எதிரொலி வந்து சேர்வது 6வி6-களையும் ஸ்பீக்கரையும் தாண்டிய பிறகு என்பதால், கூழாக வாய்ப்பே இல்லை. பக்கத்தில் ஆம்ப் தன் ஒலியை மட்டும் தரும், எதிரொலி மானிட்டரில் இருந்து வரும். முதல் நாள் விசித்திரமாக இருக்கும், பழகிவிட்டால் விடமாட்டீர்கள். ஸ்டுடியோக்களில் காலம் காலமாக எக்கோவை இப்படித்தான் சேர்த்தார்கள். இதில் டெம்போவுக்கேற்ப டிலேயை மாற்றும் வேலை மிக்ஸர் ஆளிடம் போய்விடுகிறது என்பது ஒன்றுதான் குறை. அவரிடம் நல்லபடியாக இருங்கள்.

இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள். உங்கள் ஆம்ப்பில் ரிவெர்ப் உள்ளேயே இருக்கிறது. டிலே முன்னால் இருந்தால் எதிரொலி போய் ரிவெர்ப்பில் நனையும், காதுக்கு இயல்பான வரிசை அது. டிலே லூப்பில் இருந்தால் ரிவெர்ப் முதலில், எதிரொலி பிறகு. ஸ்பிரிங் இழுத்துக்கொண்டே போகும் வாலையும் சேர்த்து டிலே திரும்பத் திரும்பச் சொல்லும். ரிவெர்ப் 2-ல் இருக்கும்வரை பரவாயில்லை. 5-ல் வைத்துப் பார்த்தால் கழற்றி எறிந்துவிடுவீர்கள். என்னைக் கேட்டால், கிளீனாக வாசிக்கும்போதும் இந்த ஆம்ப்புக்கு டிலே முன்னால் இருப்பதே நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும் லூப் வேண்டும் என்றால், ஓட்டை போடாமல் வைக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஆம்ப்பில் இரண்டு சேனல். ரிவெர்ப்பும் வைப்ரேட்டோவும் இருக்கும் சேனலைத்தான் நீங்கள் வாசிப்பீர்கள், நார்மல் சேனல் சும்மா கிடக்கும். அதற்கென்று ஒரு முழு 12ஏஎக்ஸ்7 வால்வு இருக்கிறது, உள்ளே இரண்டு ட்ரையோடுகள், அதாவது சிக்னலைத் தனித்தனியாகப் பெரிதாக்கும் இரண்டு பகுதிகள். முன் தகட்டில் இரண்டு ஜாக், ஒரு வால்யூம் கண்ட்ரோல். ஒரு நல்ல லூப்புக்கு என்ன வேண்டுமோ எல்லாமே அங்கே இருக்கிறது. முதல் ட்ரையோடை, சிக்னலைப் பெரிதாக்காமல் பலமாக வெளியே அனுப்பும் கேத்தோட் ஃபாலோயராக மாற்றலாம். இரண்டாவது, திரும்பி வரும் சிக்னலைத் தூக்கிவிடும். ஜாக் இரண்டும் சென்ட், ரிட்டர்ன். வால்யூம் கண்ட்ரோல், திரும்பி வரும் அளவைக் கட்டுப்படுத்தும். அது ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதால் ஒரு மாஸ்டர் வால்யூமாகவும் ஆகிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இரண்டாவது மாங்காய் கொஞ்சம் புளிப்பு: இந்த ஆம்ப்பின் முன் பகுதி உடைந்தால் வரும் ஒலி எனக்குப் பிடிப்பதில்லை, எறும்பு ஊர்வது மாதிரி கரகரக்கும்.

உங்கள் டெக்னீஷியனுக்காகச் சில குறிப்புகள்.

சிக்னலை எடுக்க வேண்டிய இடம், 220 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 50 கிலோ ஓம் இன்டென்சிட்டி கண்ட்ரோலையும் தாண்டி, ஃபேஸ் இன்வெர்ட்டரின் 0.001 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கு முன். காரணம் உண்டு. 220-க்கு முன்னால் எடுத்தால் சிக்னல் பல வோல்ட் இருக்கும், 9 வோல்ட்டில் ஓடும் பெடல் திணறிவிடும். அந்த ரெசிஸ்டரும் கண்ட்ரோலும் சேர்ந்து சிக்னலைக் குறைத்துவிடுகின்றன. பெடல் தாங்கும் அளவுக்கு இறங்கிவிடும். வைப்ரேட்டோ லூப்புக்கு முன்னால் போய்விடுவதால், எதிரொலியை அது துண்டு துண்டாக நறுக்காது.

‘எதற்கு வால்வு, ஜாக் இரண்டை நேராகக் கோர்த்துவிடுவோம்’ என்பார்கள். அப்படி வைக்கும் லூப் மலிவு, ஆனால் கேபிள் நீளத்துக்குத் தகுந்தபடி ஒலி மங்கும். அந்த இடத்தில் சர்க்யூட்டின் இம்பீடன்ஸ் அதிகம், கணக்குக்கு 40 கிலோ ஓம் என்று வையுங்கள். போக 5 மீட்டர், வர 5 மீட்டர் கேபிள் என்று வையுங்கள். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால் மொத்தம் 1,000. ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்துவைத்திருக்கும்போது இந்த மொத்தமும் சிக்னல் மேல் ஏறி உட்காரும். கணக்குப் போட்டால் 4,000 ஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கிவிடுகிறது. ஃபெண்டரின் பளபளப்பு முழுக்க அதற்கு மேலும் கீழுமாகத்தான் இருக்கிறது. கேத்தோட் ஃபாலோயரின் இம்பீடன்ஸ் சுமார் 600 ஓம்தான். அதே கேபிளை மாட்டினாலும் சரிவு காது கேட்கும் எல்லைக்கு வெகு தூரம் வெளியே போய்விடும்.

ஃபாலோயரின் கேத்தோடில் டிசி வோல்டேஜ் ஏறும். ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே 12ஏஎக்ஸ்7 தாங்குவது 180 வோல்ட். 100-ஐ ஒட்டி நிற்கும்படி ரெசிஸ்டர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். சென்ட் ஜாக்குக்குப் போகும் கெப்பாசிட்டர் 630 வோல்ட் ரகமாக இருக்கட்டும். ஜாக்கிலிருந்து தரைக்கு ஒரு 100 கிலோ ஓம் போட்டால் பெடலை மாட்டும்போது ‘டம்’ என்று அடிக்காது. திரும்பி வரும் ட்ரையோடின் கேத்தோடில் பைபாஸ் கெப்பாசிட்டர் வேண்டாம். இல்லாமலே சுமார் 30 மடங்கு தூக்கும், அதுவே தேவைக்கு மேல். 1 என்று எழுதிய ஜாக்கை ரிட்டர்னாக வைத்துக்கொண்டால் அதிலிருக்கும் சுவிட்ச் காண்டாக்ட் வழியாக சென்ட்டை இணைத்துவிடலாம், எதுவும் மாட்டாதபோது சிக்னல் தானாகக் கடந்து போகும்.

இனி, நானே அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒன்று. இந்த சர்க்யூட்டில் நார்மல் சேனலின் இரண்டாவது ட்ரையோடும் வைப்ரேட்டோ சேனலின் இரண்டாவது ட்ரையோடும் ஒரே 820 ஓம் கேத்தோட் ரெசிஸ்டரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது அதைக் கவனிக்காமல் நார்மல் சேனல் பக்கத்தை மட்டும் பிரித்தேன். லூப் வேலை செய்தது. ஆனால் தொடாத சேனலின் ஒலி மாறிப்போயிருந்தது. இரண்டு நாள் லூப்பைக் குடைந்தேன், தப்பு அங்கே இல்லை. பிரிக்கும்போது வைப்ரேட்டோ சேனலின் ட்ரையோடுக்குத் தனியாக ஒரு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் கொடுத்துவிட வேண்டும்.

சிக்னல் ஆம்ப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வர வேண்டியிருப்பதால் ஷீல்டு கம்பி கட்டாயம், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் தரையோடு இணைக்க வேண்டும். இரண்டு முனையிலும் இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று முனகும். பின் தகட்டில் கிரவுண்டு சுவிட்ச் இருக்கும் ஓட்டையிலோ, எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் ஓட்டையிலோ ஜாக் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஒன்று மெயின்ஸ் கம்பிகளுக்குப் பக்கத்தில், இன்னொன்று ஸ்பீக்கர் கம்பிகளுக்குப் பக்கத்தில். முதலாவது முனகும், இரண்டாவது ஊளையிடும்.

ஒரு நல்ல டெக்னீஷியனுக்கு இது ஒரு முழு நாள் வேலை. பின்னால் ஓட்டை போடுவதைவிடக் கூலி கூடத்தான் கேட்பார், கேட்பது நியாயம். ஆனால் பழைய ஆம்ப்பைத் தேடி வாங்குகிறவர்கள் முதலில் தகட்டைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். போட்ட ஓட்டையை யாராலும் திரும்ப அடைக்க முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு லூப்பைவிட அதில்தான் கவலை.

உங்கள் ஆம்ப் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஆம்ப்பின் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கூடுதலாகச் சூடாகும். 120 வோல்ட் கொடுத்தால் அதன் காந்தச் சுமை வடிவமைத்த அளவைவிட 23 சதவீதம் ஏறுகிறது. 110 கொடுத்தால் 13 சதவீதம்தான். வால்வு ஹீட்டருக்கு 6.3-க்குப் பதில் 5.9 வோல்ட் கிடைக்கும், அது பரவாயில்லை. ஆகவே 110 வோல்ட் ஸ்டெப்-டவுனே போதும், எழுதியிருப்பதை நம்பாமல் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். அதைவிட முக்கியம், மலிவான ஸ்டெப்-டவுன் பெட்டிகளில் வெளியே வருவது இரண்டு பின் சாக்கெட்தான், எர்த் கிடையாது. எர்த் இல்லாத ஆம்ப்பில் ஏதாவது பழுதானால் கரண்ட் வரும் வழி உங்கள் கிட்டார் கம்பி. சர்ச்சில் மைக்கைத் தொடும் உதடு இன்னொரு முனை. மூன்று பின் எர்த்தோடு வரும் பெட்டி வாங்குங்கள். பழைய கிரவுண்டு சுவிட்ச்சில் மெயின்ஸையும் தகட்டையும் இணைக்கும் ஒரு 0.047 கெப்பாசிட்டர் இருக்கும். அதற்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரே ‘சாவுக் கெப்பாசிட்டர்’. அதை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். ஆம்ப்பின் அடித்தகட்டுக்கு வெளிப்புறம் ஒரு தகர மூடிக்குள் இருக்கும். யாரும் மாற்றவில்லை என்றால் அவற்றுக்கு 50 வயதாகிறது. அவை உலர்ந்துபோயிருந்தால் ஒலி தளர்ந்து, பின்னணியில் இரைச்சல் கூடும். நீங்கள் கேட்கும் கூழில் ஒரு பங்கு இவற்றாலும் இருக்கலாம். கையில் இருக்கும் 6,000 ரூபாயை முதலில் இங்கே செலவழியுங்கள். சென்னை வந்தால் ரிச்சி தெருவில் நல்ல பிராண்ட் 450, 500 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பழைய சரக்கைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே திறந்து பார்க்க ஆசைப்பட வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டருக்குள் காத்திருக்கும்.

கெப்பாசிட்டர் மாற்றி, எர்த் சரிசெய்து, மேலே சொன்ன இரண்டு வழியையும் ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். அதன் பிறகும் நார்மல் சேனல் வழியாக லூப் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். அப்போது, கழற்றிய ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், எது எங்கே இருந்தது என்று எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, கேபினெட்டின் உள்பக்கத்தில் டேப் வைத்து ஒட்டச் சொல்லிவிடுங்கள்.